ரத்தம் இல்லாத மாத்திரை

மட்டாஞ்சேரியில், அரண்மனைக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. மாடியில் உள்ள இரண்டு அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கு விட ஆரம்பித்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. என் கணவர் வேலை பார்த்த மிளகுக் கிடங்கை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த இரண்டு அறைகள்தான் எங்கள் பிழைப்பு. நாங்கள் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், மாடியில் உடைந்த இங்கிலீஷ். இந்த மூன்றும் தெரியாத ஆள் வந்தால் என்ன செய்வது என்று ஆரம்பத்தில் எனக்கு ஒரே பயம். போகப்போக அந்தப் பயம் போய்விட்டது. வருகிறவர்கள் கையில் எதையாவது கொண்டுவந்துவிடுவார்கள்.

முதலில் அது புத்தகமாக இருந்தது. சட்டைப் பையில் அடங்குகிற அளவு. ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி காலையில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி ஹிந்தியில் ஏதோ கேட்டார். எங்கள் ஹிந்தி அவருடையதைவிடவும் மோசம். என் கணவர் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒண்ணும் மனசிலாகலை" என்று என்னிடம் தள்ளினார். கடைசியில் அந்த அம்மாள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதுபோல் கையைக் காட்டினார். வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்து, கால்குலேட்டர் போல மூடித் திறக்கிற ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஜப்பானிய மாணவர் ஒருவர் வைத்திருந்தார். அவர் மொழியில் ஒரு சொல்லைத் தட்டினால் இங்கிலீஷில் அந்தச் சொல் வரும். வாக்கியம் வராது. 'கொசு' என்று காட்டுவார். பிறகு 'ஏராளம்' என்று காட்டுவார். பிறகு 'மன்னிக்கவும்'. கொசுவுக்காக அவர் ஏன் மன்னிப்புக் கேட்கிறார் என்று நானும் என் கணவரும் சிரித்தோம்.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. கேமராவைப் பலகைக்கு நேரே பிடித்தால் எழுத்து அவர்கள் மொழிக்கு மாறிவிடும். பக்கத்து ஹோட்டலில் 'மீன் முளகிட்டது' என்று மலையாளத்தில் எழுதியிருப்பார்கள், காரக் குழம்புதான். ஒரு பிரெஞ்சுத் தம்பதிக்கு அது 'மிளகாய் முட்டையிட்ட மீன்' என்று வந்திருக்கிறது. அப்படி ஒரு மீனைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

இப்படித்தான் இருந்தது. தப்பு வரும், சிரிப்போம், கையைக் காலை ஆட்டிச் சரிசெய்துகொள்வோம். யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை.

சில வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிந்த சமயத்தில், ஹங்கேரியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். ஊரில் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். இருவருக்கும் இங்கிலீஷ் பத்துச் சொல்கூடத் தெரியாது. அவர்கள் மகன், புறப்படும்போது ஒரு மொழிபெயர்ப்புக் கருவியை வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தான். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். பொத்தானை அழுத்திக்கொண்டு பேசவேண்டும். விட்டதும் திரையில் ஒரு வட்டம் சுற்றும். பிறகு ஒரு பெண்குரல் மற்ற மொழியில் பேசும். அதில் தமிழும் இருந்தது.

வந்த அன்றே அவர் அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எனக்கு ஒரே கூச்சம். பொத்தானை அழுத்தி, "சாயா வேணுமா?" என்றேன். அவர் வெயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டி, நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். நிழல் வேண்டுமா என்று கேட்டதாக அது சொல்லியிருக்கிறது. அன்றிலிருந்து அந்தக் கருவியிடம் ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழில்தான் பேசினேன். "தேநீர் வேண்டுமா?" "காலை உணவு தயாராகிவிட்டது." என் கணவர் கீழே உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இவ்வளவு நல்ல தமிழ் உள்ள வெச்சிருந்தியா? எங்கிட்ட ஒருநாள் பேசிருக்கியா?" என்று கேலி செய்வார்.

நான்கு நாட்கள் நன்றாகப் போயின. அவர் படகுத்துறைக்குப் போய்த் தினமும் ஒரு மணி நேரம் நிற்பார். மீன் விற்கிறவர், டிக்கெட் கொடுக்கிறவர், சாயா ஆற்றுகிறவர் என்று எல்லோரிடமும் அந்தக் கருவியை நீட்டுவார். படகு ஓட்டுகிற ஆளிடம், தானும் நாற்பது வருடம் வண்டி ஓட்டியவன் என்று அதன் மூலம் சொல்லி, கைகுலுக்கிவிட்டு வந்தார். அந்த அம்மாள் என் சமையலறையில் வந்து நிற்பார். அங்கே கருவி தேவைப்படவில்லை. நான் வெங்காயத்தை எடுத்தால் அவர் கத்தியை எடுப்பார்.

ஐந்தாம் நாள் காலை, ஆப்பமும் கடலைக்கறியும் பரிமாறிக்கொண்டிருந்தேன். அவர் கோப்பையை எடுக்கப் போனார். கை கோப்பைக்கு எட்டாமல் மேசையில் விழுந்தது. மறுபடி தூக்கி நீட்டினார், மறுபடி விழுந்தது. அவருக்கே அது வேடிக்கையாக இருந்ததுபோல மனைவியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. பிறகு நாற்காலியோடு சாய்ந்தார்.

"எந்தாச்சு?" என்று கேட்டுக்கொண்டே என் கணவர் ஓடிவந்தார். பக்கத்து வீட்டுக் காரை எடுக்கச் சொல்லி, மூன்று பேராகத் தூக்கிப் பின்னிருக்கையில் கிடத்தினோம். அவர் தலை மனைவியின் மடியில் இருந்தது. அந்த அம்மாள் ஏதோ ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். அவருடைய பெயராகத்தான் இருக்கவேண்டும். தோப்பும்படிப் பாலத்தில் வண்டிகள் நின்றிருந்தன. என் கணவர் இறங்கி முன்னால் ஓடி, கையை ஆட்டி வழிவிடச் சொன்னார். நான் முன்னிருக்கையில் அந்தக் கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டைப் பூட்டினேனா, செருப்புப் போட்டேனா என்று நினைவில்லை. அதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

மருத்துவமனையில் அவரை உள்ளே கொண்டுபோனதும் ஒரு டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயதுப் பெண். கோயம்புத்தூரில் படித்தவராம், என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார்.

"சேச்சி, எத்தனை மணிக்கு இப்படி ஆச்சு?"

"எட்டேகால். ஆப்பம் சாப்பிட்டுட்டிருந்தார்."

"பிரஷர், சுகர் உண்டா? அப்புறம் ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு மாத்திரை ஏதும் எடுக்கறாரான்னு கேளுங்க. இது ரொம்ப முக்கியம்."

அந்த அம்மாள் என் தோளை ஒட்டி நின்று, எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சிக்னல் இல்லை. அவர் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். பிரஷர் பற்றிக் கேட்டேன். வட்டம் சுற்றியது. ஆமாம் என்று தலையசைத்தார். சர்க்கரை இல்லை. மூன்றாவதாகக் கேட்டேன். அந்த நேரத்தில் எனக்குச் செய்தித் தமிழ் வரவில்லை. பயத்தில் வீட்டுத் தமிழ்தான் வந்தது. டாக்டர் சொன்னதை அப்படியே, மூச்சு வாங்கிக்கொண்டு, "ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?" என்றேன்.

வட்டம் சுற்றியது. கருவி அவர் மொழியில் பேசியது. அவர் புருவத்தைச் சுருக்கினார். மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். பிறகு பொத்தானை அழுத்திப் பதில் சொன்னார். அந்தப் பெண்குரல் என்னிடம் தெளிவாகச் சொன்னது: "இல்லை. அவருக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை."

கட்டுப்பாடு என்ற சொல் எனக்கு இடித்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு நொடி இடித்தது. ஆனால் டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். நான் "இல்லையாம்" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். என் கணவர் வீட்டுக்குப் போய், மாடி அறையில் தேடினார். குளியலறைத் தட்டில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் மாத்திரை அட்டைகள். எதற்கு என்று தெரியாவிட்டாலும் இருக்கட்டும் என்று அதையும் கொண்டுவந்தார். இதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. டாக்டர் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். மூன்றாவது அட்டையில் பெயரைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சேச்சி, இல்லேன்னு சொன்னீங்களே?"

"அவங்க இல்லேன்னுதான் சொன்னாங்க."

டாக்டர் அட்டையோடு உள்ளே ஓடினார்.

மண்டைக்குள் ரத்தக் கசிவு. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை ரத்தத்தை உறையவிடாது. அதனால் கசிவு நிற்கவில்லை. அதற்கு மாற்று மருந்து உண்டு, கொடுத்துவிட்டோம் என்று சாயங்காலம் டாக்டர் வந்து விளக்கினார். நான் கேட்க நினைத்ததை என் கணவர் கேட்டார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"முதல் ஸ்கேன்லயே கசிவு நிறைய இருந்துச்சு சேட்டா. அந்த ரெண்டு மணி நேரத்துல பெரிசா ஒண்ணும் மாறியிருக்காது."

அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. 'பெரிசா' என்ற அந்த ஒரு சொல்லை நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த இரண்டு நாளும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே, பிளாஸ்டிக் நாற்காலிகளில், நானும் அந்த அம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அந்தக் கருவி. மகனுக்குத் தகவல் போய்விட்டது. விசா எடுத்து, இரண்டு விமானம் மாறி வரவேண்டும். "அவருக்கு வலிக்கிறதா?" என்று அந்தப் பெண்குரல் என்னிடம் கேட்கும். "இல்லை, தூங்குகிறார்" என்பேன். எனக்கு என்ன தெரியும்? "அவர் காதில் நான் பேசினால் கேட்குமா?" என்று கேட்கும். "கேட்கும்" என்பேன். வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் பாத்திரத்தை என்னிடம் தள்ளி, நீயும் குடி என்று ஜாடை காட்டுவார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். டாக்டர் வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எல்லாம் முடிந்து பத்து நிமிடம் ஆயிற்று என்றார். பிறகு அந்த அம்மாளிடம் போய், குனிந்து, இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். அவருக்குப் புரியவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்து மரியாதையாகப் புன்னகை செய்தார். டாக்டர் என்னிடம் திரும்பினார்.

"சேச்சி, நீங்களே சொல்லிடுங்க. அந்த மெஷின்ல."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். "அவர் போயிட்டார்மா" என்றேன்.

வட்டம் சுற்றியது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவி பேசியது. அவர் முகம் ஒரேயடியாக மலர்ந்தது. எழுந்து நின்று, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வேகமாக ஏதோ கேட்டார். அந்தப் பெண்குரல் என்னிடம் சொன்னது: "எங்கே போனார்? அவரால் நடக்க முடிகிறதா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்ன சொல்வது? எங்கள் வீட்டில் காலமாயிட்டார் என்போம், தவறிட்டார் என்போம். தவறிவிட்டார் என்று சொன்னால் அவர் ஏதோ தப்பு செய்துவிட்டதாக அது சொல்லும். அது சரியாகச் சொல்லக்கூடிய சொல் ஒன்றுதான் இருந்தது. அந்தச் சொல்லை என் அம்மா போனபோதுகூட நான் வாயால் சொன்னதில்லை. பேப்பரில் படிப்பதோடு சரி. பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழவேண்டும் என்று, செய்தி வாசிக்கிறதுபோல், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"உங்கள் கணவர் இறந்துவிட்டார்."

வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சிக்னல் போய்ப் போய் வந்தது. அது நின்றுவிடட்டும் என்றும், சீக்கிரம் சொல்லித் தொலைக்கட்டும் என்றும் இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டினேன். அவர் தோளில் பையோடு, பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். பிறகு அது பேசியது. தேநீர் வேண்டுமா என்று கேட்ட அதே இனிமையான குரல்.

அவர் உட்கார்ந்தார். பையைத் தோளிலிருந்து கழற்றவில்லை. அழவும் இல்லை. கருவியை என் கையிலிருந்து வாங்கி, பக்கத்தில் இருந்த சின்னப் பொத்தானை நீளமாக அழுத்தி, அதை அணைத்தார். அதன் பிறகு அவர் அதைத் தொடவேயில்லை.

மகன் மறுநாள் வந்து சேர்ந்தான். நாற்பது வயதிருக்கும். இங்கிலீஷ் நன்றாகப் பேசினான். தூதரகம், போலீஸ் நிலையம், சான்றிதழ்கள் என்று என் கணவரோடு நான்கு நாள் அலைந்தான். அவன் அம்மா என் சமையலறையில் உட்கார்ந்து, நான் கேட்காமலே முருங்கைக்கீரை உருவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மதியம் அவர் மாடியில் படுத்திருந்தபோது, மகன் அந்தக் கருவியோடு கீழே வந்து என் எதிரே உட்கார்ந்தான். அதில் பேசியதெல்லாம் சேமித்து வைக்கப்பட்டிருக்குமாம். அது எனக்குத் தெரியாது.

"மருத்துவமனையில் நீங்கள் என் அம்மாவிடம் கேட்டதைப் படித்தேன்," என்றான் இங்கிலீஷில். திரையை எனக்குக் காட்டினான். பிறகு அந்த எழுத்து எனக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, அவனே படித்து அர்த்தம் சொன்னான். "'அவர் ரத்தம் இல்லாத மாத்திரைதான் சாப்பிடுவாரா?' என்று வந்திருக்கிறது."

புரியாத அந்த எழுத்தை மறுபடி பார்த்தேன்.

"இங்கே எல்லா இடத்திலும் சைவமா அசைவமா என்று கேட்கிறார்கள் இல்லையா? அம்மா அதைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்திருக்கிறாள். அப்பாவுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை, எதை வேண்டுமானாலும் கொடுங்கள் என்ற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறாள்."

நான் கேட்ட தமிழைச் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அந்தச் சொல் இடித்தது, ஆனாலும் மறுபடி கேட்காமல் விட்டேன் என்பதையும் சொன்னேன். அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அம்மாவுக்கு இது தெரியவேண்டாம்," என்றான். அப்படியே எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு நாங்களும் கூடப் போனோம். அவர் உடல் இருந்த பெட்டி முன்பே சரக்கு வாசல் வழியாகப் போயிருந்தது. உள்ளே நுழையும் கதவருகே அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். கருவி இல்லாமல், அவர் மொழியில், என் கண்ணைப் பார்த்து. நிறுத்தாமல் பேசினார். நடுவில் ஒருமுறை குரல் உயர்ந்தது. ஒருமுறை, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நிறுத்தினார். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியாது. ஆட்டாமல் நிற்க முடியவில்லை. அவர் தொடர்ந்து பேசி முடித்து, என் நெற்றியில் தன் நெற்றியை வைத்துவிட்டு விலகினார்.

நான் மகனைப் பார்த்தேன். அவன் முகம் சிவந்திருந்தது.

"அம்மா உங்களுக்கு நன்றி சொல்கிறாள்," என்றான்.

அவ்வளவு நீளமாகப் பேசியதற்கு அவ்வளவுதான். வேறு என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வரும் வழியில் என் கணவர், "நல்லதாத்தான் பேசிருப்பாங்க, விடு," என்றார். இருக்கலாம். அந்த அம்மாள் நடுவில் நிறுத்தியபோது என்ன கேட்டார் என்பதுதான் எனக்கு வேண்டியிருக்கிறது.

இப்போது வருகிறவர்கள் கையில் அந்தச் சோப்புக்கட்டியும் இல்லை. காதில் சின்னதாக ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். சென்ற மாதம் கொரியாவிலிருந்து வந்த ஒரு பெண், அதில் ஒன்றைக் கழற்றித் துடைத்து, என் காதில் தானே மாட்டிவிட்டாள். அவள் பேசப்பேச என் காதுக்குள் தமிழ் ஓடியது. வட்டம் சுற்றவில்லை. காத்திருக்கவும் வேண்டியதில்லை. நல்ல தமிழ், என் தமிழைவிட நல்ல தமிழ். அவள் சந்தோஷத்தில் கைதட்டினாள்.

நான் அவளிடம் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். வந்த அன்றே எல்லோரிடமும் இதைக் கேட்டுவிடுகிறேன். அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். எதுவும் இல்லை என்று என் காதில் வந்தது. நான் சமையலறைக்குப் போய், என் கணவரின் மாத்திரை அட்டையை எடுத்துவந்து அவள் கண்ணெதிரே ஆட்டி, அவளைச் சுட்டிக்காட்டி, மறுபடி கேட்டேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை இடவலமாக அசைத்தாள். அது இல்லை என்பதா, புரியவில்லை என்பதா என்று கண்டுபிடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.